ரோமானியப் பலிச் சடங்கு: விலங்கைத் தேர்ந்தெடுப்பது முதல் பந்தி பரிமாறுவது வரை

பண்டைய ரோமில் பலி என்பது தெய்வத்துக்கு வைத்த விருந்து. முதல் பந்தி தெய்வத்துக்கு. தெய்வம் ஏற்றுக்கொண்டது என்று தெரிந்த பிறகுதான் மனிதர்கள் இலை முன் உட்காரலாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது தானாகவே விளங்கும். எங்கே பிசகினால் ஏன் அத்தனை பதற்றம் என்பதும் விளங்கும்: தெய்வம் சாப்பிட்டதா இல்லையா என்ற சந்தேகம்தான் அது.

ரோமானிய வழிபாட்டை 'உள்ளம் இல்லாத வெறும் சடங்கு' என்று ஒதுக்கும் பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. அது தவறு. பெரிய மனிதர் ஒருவரை வீட்டுக்கு அழைத்துவிட்டு, சோற்றைக் கண்டபடி எடுத்து வைப்போமா? முறை தவறாமல் செய்வதுதான் அங்கே மரியாதை, மரியாதைதான் பக்தி.

ரோமானியர்களிடம் மறைநூல் எதுவும் இல்லை. ஆனால் செய்முறைக் குறிப்புகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ரோமானிய அரசியல்வாதி மூத்த கேட்டோ கி.மு. 160 வாக்கில் எழுதிய வேளாண்மை நூலில் எரு போடுவது, ஒலிவ எண்ணெய் பிழிவது ஆகியவற்றுக்கு நடுவே, பண்ணையில் செய்யவேண்டிய பலிகளும் மந்திரச் சொற்களோடும் அளவுகளோடும் இருக்கின்றன. டேயா தியா என்ற பெண் தெய்வத்துக்கு உரிய ஆர்வால் சகோதரர்கள் என்ற பன்னிருவர் குழு, தான் செய்த சடங்குகளைக் கல்லில் வெட்டி வைத்தது. லிவி, மூத்த பிளினி, வார்ரோ ஆகிய ரோமானிய எழுத்தாளர்களின் நூல்களும் புடைப்புச் சிற்பங்களும் மீதியைத் தருகின்றன. கீழே அளவுகள் வரும் இடங்களில், ஒரு ரோமானிய ராத்தல் ஏறத்தாழ 327 கிராம், ஒரு செக்ஸ்டாரியுஸ் ஏறத்தாழ 0.54 லிட்டர் என்று கொள்ளுங்கள்.

யார் செய்வது?

பலி கொடுக்கத் தனியாக ஒரு சாதியோ குருகுலமோ கிடையாது. ஒரு குழுவுக்கு யார் தலைவரோ அவரே அதன் பலியைச் செய்வார். வீட்டில் குடும்பத் தலைவர், பண்ணையில் உரிமையாளர், அரசில் கான்சல் அல்லது பிரீட்டர் என்ற உயர் அதிகாரி. போன்டிஃப் முதலிய பூசகர் குழுக்களுக்கும் சொந்தச் சடங்குகள் உண்டு. ஆனால் அரசுப் பலிகளில் அவர்களுடைய முக்கிய வேலை, முறை என்ன என்று சொல்வதும் தவறு நடந்தால் தீர்ப்பளிப்பதும்தான்.

இதில் எல்லை மீறக் கூடாது. பண்ணைக் கண்காணிப்பாளரின் துணைவிக்குக் கேட்டோ சொல்லும் கட்டளை தெளிவானது: எசமானோ எசமானியோ சொல்லாமல் அவள் தானாகப் பலி செய்யக் கூடாது, முழுக் குடும்பத்துக்கும் சேர்த்து எசமானே செய்கிறார். அவளுக்கு விட்ட பங்கு வேறு. தினமும் படுக்கப் போகுமுன் அடுப்படியைச் சுற்றிப் பெருக்கித் துடைக்க வேண்டும். மாதத்தின் காலெண்ட்ஸ், நோன்ஸ், ஈட்ஸ் நாட்களிலும் (அதாவது 1ஆம் நாள், 5 அல்லது 7, 13 அல்லது 15) திருவிழா நாட்களிலும் அடுப்பின்மேல் மாலை சாத்தி, வீட்டுக் காவல் தெய்வமான லாரை வசதிக்கேற்ப வேண்டிக்கொள்ள வேண்டும்.

பொம்பேயில் வெட்டியி வீட்டின் மாடத்தில் வரைந்த ஓவியம் இந்த வீட்டு வழிபாட்டைக் கண்முன் நிறுத்துகிறது. நடுவில் தலையை மூடிய கெனியுஸ், அதாவது குடும்பத் தலைவருடைய உயிர்த் தெய்வம். ஒரு கையில் ஊற்றுத்தட்டு, மறு கையில் தூபப்பெட்டி. இரு பக்கமும் குடிகொம்பை உயர்த்திப் பிடித்து ஆடும் இரண்டு லார்கள். கீழே ஒரு பாம்பு, படையல் வைத்த பீடத்தை நோக்கி ஊர்ந்து வருகிறது. பெரிய அரசுப் பலியில் நடப்பதெல்லாம் இந்தச் சின்ன மாடத்தின் விரிவாக்கம்தான்.

இடம், உடை, சுத்தம்

கோயில் என்பது தெய்வச் சிலை இருக்கும் வீடு. பலி நடப்பது உள்ளே அல்ல, வெளியே, கோயிலுக்கு முன்னால் திறந்தவெளியில் இருக்கும் பீடத்தில். சிற்பங்களைப் பார்க்கும்போது கோயில் முகப்பு பின்னணியில் மட்டுமே தெரிவதற்கு இதுதான் காரணம். நிலையான பீடத்தோடு, எடுத்துச் செல்லக்கூடிய ஒரு முக்காலி நெருப்புச் சட்டியும் வேண்டும். தொடக்க உபசாரம் அதில்தான்.

மேலுலகத் தெய்வங்களுக்கு என்றால் ஓடும் நீரில் உடல் முழுக்கக் குளிக்க வேண்டும். கீழுலகத் தெய்வங்களுக்கு நீர் தெளித்துக்கொண்டால் போதும். உடை தோகா, அதாவது உடலைச் சுற்றிப் போர்த்தும் நீண்ட ஆடை. அதன் ஒரு மடிப்பை இழுத்துத் தலையின் பின்புறத்தை மூடிக்கொள்வது ரோமானிய முறையின் அடையாளம். ஒரு சிற்பத்தில் யார் பலி கொடுப்பவர் என்று கண்டுபிடிக்க, தலை மூடியவரைத் தேடுங்கள். விதிவிலக்கு 'கிரேக்க முறை'யில் நடக்கும் சடங்குகள்: ஹெர்குலிஸின் பெரும்பீடத்திலும், ரோமானியரின் சனித் தெய்வமான சாட்டர்னுக்கும் தலையைத் திறந்தே பலி செய்தார்கள்.

விலங்கு

பிசகு அதிகம் நேரும் இடம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்லவேண்டும்.

ஆண் தெய்வத்துக்கு ஆண் விலங்கு, பெண் தெய்வத்துக்குப் பெண் விலங்கு. மேலுலகத்தாருக்கு வெள்ளை, கீழுலகத்தாருக்குக் கறுப்பு. அதற்குமேல் தெய்வத்துக்குத் தெய்வம் வேறுபடும். ஜூபிடருக்குக் காயடித்த எருது, முழுக்காளை ஆகாது. காளை மார்ஸ், நெப்டியூன், அப்பல்லோ ஆகியோருக்கு உரியது. ஜனவரி 3ஆம் நாள் பேரரசரின் நலனுக்காக ஆர்வால் சகோதரர்கள் செலுத்திய நேர்த்திக்கடன்களின் பட்டியலில் ஜூபிடருக்கு எருது, ஜூனோவுக்குப் பசு, மினர்வாவுக்குப் பசு, நலத்தின் தெய்வம் சாலுஸுக்குப் பசு என்று வரிசையாக வரும். ஏப்ரல் 15இல் பூமித்தாய் டெல்லுஸுக்குச் சினைப்பசு. வெள்ளை எருது சரியாகக் கிடைக்காவிட்டால் சுண்ணப்பொடி தேய்த்து வெளுப்பாக்கும் வழக்கமும் இருந்திருக்கிறது.

வயதுக்கும் கணக்கு உண்டு. பன்றிக்குட்டி பிறந்த 5ஆம் நாளிலிருந்து பலிக்குத் தூய்மையானது; ஆட்டுக்குட்டி 8ஆம் நாள்; கன்று 30ஆம் நாள். பால்குடிக்கும் குட்டி சிறு பலி, வளர்ந்தது பெரும் பலி. கன்றின் வால் பின்னங்காலின் மடிப்பைத் தொடவேண்டும். அதைவிடக் குட்டை என்றால் ஏற்கமாட்டார்கள். நொண்டும் விலங்கு ஆகாது. பீடத்தைவிட்டுத் திமிறி விலகும் விலங்கும் ஆகாது. மனிதர் தோளில் தூக்கிவந்த கன்று பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை என்றும் மூத்த பிளினி எழுதுகிறார். விலங்கு தன் காலில், இழுபடாமல் வரவேண்டும் என்பதே இந்த விதிகளின் சாரம். விருந்துக்கு வரும் உணவே முரண்டு பிடித்தால் அந்த விருந்தில் ஏதோ சரியில்லை.

தேர்ந்தெடுத்த விலங்கின் தலையில் கம்பளி நாடாக்கள் கட்டுவார்கள். பெரிய மாடு என்றால் கொம்புக்குப் பொன் பூசி, முதுகில் அகலமான துணி போர்த்துவார்கள்.

மாவுப்பு, மது, தூபம், பணியாரம்

விலங்கின்மேல் தூவும் மாவுப்புக்கு, அதாவது உப்பு கலந்த மாவுக்கு, மோலா சல்சா என்று பெயர். பலி கொடுப்பதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான 'இம்மொலாரே' இந்த மாவின் பெயரிலிருந்தே பிறந்தது: வெட்டுவது அல்ல, மாவு தூவுவதுதான் பலி. அரசுச் சடங்குகளுக்கான மாவை, அடுப்பின் தெய்வமான வெஸ்டாவுக்குப் பணி செய்த வெஸ்டா கன்னியர் தயாரித்தார்கள். மே 7 முதல் 14 வரை ஒன்றுவிட்டொரு நாள், மூத்த கன்னியர் மூவர் எம்மர் என்ற உமிக்கோதுமையின் கதிர்களைக் கூடைகளில் சேகரித்து, வறுத்து, இடித்து, அரைத்து வைப்பார்கள். ஆண்டில் மூன்று முறை (பிப்ரவரி 15, ஜூன் 9, செப்டம்பர் 13) அதில் உப்பு சேர்ப்பார்கள்.

உப்பும் அப்படியே போடுவது அல்ல. கல்லுப்பை உரலில் இடித்து, மண்பானையில் கொட்டி, மூடி, வாயைச் சுண்ணச்சாந்தால் அடைத்து, அடுப்பில் வைத்துச் சுடுவார்கள். உள்ளே அது ஒரே கட்டியாக இறுகிவிடும். அந்தக் கட்டியை இரும்பு ரம்பத்தால் அறுத்து, வெஸ்டா கோயிலில் இருக்கும் சாடியில் போட்டு, நீரில் கரைப்பார்கள். குழாய் வழியாக வந்த நீர் மட்டும் கூடாது.

மது கலப்பில்லாததாக இருக்கவேண்டும். கிரேக்க மதுவில் தண்ணீர் கலப்பதால் அது விலக்கு. கவாத்து செய்யாத கொடியின் மது, மின்னல் தாக்கிய கொடியின் மது, ஒருவர் தூக்கிட்டுக்கொண்ட இடத்தருகே விளைந்த மது, புண்பட்ட காலால் மிதித்துப் பிழிந்த மது எல்லாமே தள்ளுபடி. தூபத்துக்கு அரேபியாவிலிருந்து வந்த குந்திரிக்கம்.

லீபம் என்ற பணியாரத்தைச் செய்யும் அளவு கேட்டோவின் நூலில் இருக்கிறது. பாலாடைக்கட்டி 2 ராத்தல் (ஏறத்தாழ 655 கிராம்), கோதுமை மாவு 1 ராத்தல் (327 கிராம்), முட்டை 1. மென்மையாக வேண்டுமென்றால் நயமான மாவாக அரை ராத்தல் போதும். பாலாடைக்கட்டியை உரலில் நன்றாக நசுக்கி, மாவையும் முட்டையையும் சேர்த்துப் பிசைந்து, உருட்டித் தட்டி, அடியில் இலை பரப்பி, சூடான அடுப்புத் தளத்தில் மண்மூடியால் கவிழ்த்து மெதுவாக வேகவிட வேண்டும். இன்று செய்துபார்ப்பவர்கள் உப்பு சேர்க்காத புதிய கட்டியை எடுத்து, துணியில் கட்டி நீரை நன்றாக வடித்துக்கொள்ளுங்கள். நீர் நின்றால் மாவு இளகிப் பரவிவிடும். தீ அதிகமானால் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். 'மெதுவாக' என்று கேட்டோ எழுதியது வீணாக அல்ல.

சடங்கு நடக்கும் வரிசை

*1. ஊர்வலமும் அமைதியும்.* விலங்கு, உதவியாளர்கள், பலி கொடுப்பவர் எல்லோரும் பீடத்தைச் சுற்றி நிற்பார்கள். பெற்றோர் இருவரும் உயிரோடிருக்கும் சிறுவன் ஒருவன் தூபப்பெட்டியையும் குடுவையையும் பிடித்திருப்பான். 'நாவைக் காத்துக்கொள்ளுங்கள்' என்று அறிவிப்பு வரும். அதன்பின் அபசகுனச் சொல் எதுவும் காதில் விழக் கூடாது. வெளிச்சத்தம் கேட்காமலிருக்க இரட்டைக்குழல் ஊதுபவர் தொடங்கிவிடுவார், கடைசிவரை நிறுத்தமாட்டார்.

*2. முன் உபசாரம்.* பலி கொடுப்பவர் கை கழுவி, முக்காலி நெருப்பில் குந்திரிக்கம் போட்டு மது ஊற்றுவார். வரவேற்பு இது. கதவுகளுக்கும் தொடக்கங்களுக்கும் உரிய ஜானுஸை முதலில் அழைப்பார்கள், பிறகு ஜூபிடர், வெஸ்டா கடைசியில். அறுவடைக்கு முன் தானியத் தெய்வமான செரெஸுக்குப் பெண்பன்றி வெட்டும் சடங்கைப் பாருங்கள். பலி செரெஸுக்கே என்றாலும் குந்திரிக்கமும் மதுவும் ஜானுஸ், ஜூபிடர், ஜூனோ மூவருக்கும் முந்திப் போகின்றன. ஜானுஸுக்கு அடுக்குப் பணியாரம், ஜூபிடருக்கு வேறொரு பணியாரம், பிறகு இருவருக்கும் மது. அதற்குப் பிறகே பன்றியை வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு உள்ளுறுப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஜானுஸுக்கும் ஜூபிடருக்கும் முன்போலவே பணியாரமும் மதுவும். அதன்பின்தான் செரெஸுக்கு உள்ளுறுப்புகளும் மதுவும். விருந்தின் நாயகி செரெஸ்தான், ஆனாலும் வாசற்காவலரையும் பெரியவரையும் தாண்டிக்கொண்டு நேரே அவளிடம் போக முடியாது.

*3. வேண்டுதல்.* சொல் பிசகக் கூடாத இடம். பிளினி விவரிக்கும் ஏற்பாடு இது: ஒருவர் எழுத்திலிருந்து சொல்லிக்கொடுப்பார், பலி கொடுப்பவர் திருப்பிச் சொல்வார், இன்னொருவர் சொற்களைக் கண்காணிப்பார், மற்றொருவர் அமைதியைக் காப்பார், குழல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒரு வாக்கியத்துக்கு நான்கு காவல். ஜூபிடரின் பெயர் வரும்போது கைகள் வானத்தை நோக்கி உயரும். டெல்லுஸின் பெயர் வரும்போது கை மண்ணைத் தொடும்.

தெய்வத்தின் பெயர் தெரியாவிட்டால்? தோப்பு ஒன்றில் மரம் வெட்டப் போகிறவருக்குக் கேட்டோ வழி சொல்கிறார்: பன்றி பலியிட்டு, 'நீ ஆண் தெய்வமானாலும் பெண் தெய்வமானாலும், இந்த இடம் யாருக்குரியதோ' என்று அழைக்க வேண்டும். ரோமின் பாலத்தீன் குன்றில் கிடைத்த ஒரு கற்பீடத்தில் இதே சொற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. தப்பான பெயர் சொல்லிப் புண்படுத்துவதைவிட, தெரியாது என்பதை மரியாதையாகச் சொல்வது மேல்.

*4. ஒப்படைத்தல்.* விலங்கின் தலையில் மது ஊற்றி, முதுகில் மாவுப்பு தூவி, கத்தியை நெற்றியிலிருந்து வால்வரை முதுகின்மேல் வருடிச் செல்வார். தோலில் கீறல் விழாது. இந்தக் கணத்தோடு விலங்கு மனிதர் சொத்து அல்ல, தெய்வத்தின் சொத்து. கம்பளி நாடாவும் போர்வையும் கழற்றப்படும்.

*5. கொல்லுதல்.* தலை மூடிய பெரியவர் இதைச் செய்வதில்லை. இடுப்புக்கு மேல் உடையில்லாத உதவியாளர் 'செய்யட்டுமா?' என்று கேட்பார். 'செய்' என்று விடை வந்தால்தான் கை ஓங்கும். பெரிய மாட்டுக்கு முதலில் கோடரிமுதுகாலோ சம்மட்டியாலோ நெற்றியில் அடி; மாடு மண்டியிட்டதும் கத்திக்காரர் கழுத்தை அறுப்பார். ஆடு, பன்றிக்குக் கத்தி மட்டும். ஒரே அடியில் விழாமல் தப்பி ஓடினால் அது கெட்ட சகுனம், அன்றைய பலி வீண்.

ரோமின் காப்பிட்டோலைன் அருங்காட்சியகத்தில் இருக்கும் மார்க்குஸ் அவுரேலியுஸ் சிற்பப்பலகை இதற்கு முந்தின கணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பேரரசர் தலையை மூடி முக்காலி நெருப்பின்முன் நிற்கிறார். பக்கத்தில் தூபப்பெட்டியோடு சிறுவன், குழலூதுபவர். பின்னால் கோடரியோடு உதவியாளர், கூட்டத்துக்கு நடுவே எட்டிப்பார்க்கும் மாட்டுத் தலை. இரத்தம் எங்கும் இல்லை. ரோமானியர்கள் தங்களைக் கல்லில் காட்டிக்கொள்ள விரும்பிய கணம் வெட்டு அல்ல, தூபமும் மதுவும் நெருப்பில் விழும் கணம்.

*6. உள்ளுறுப்புப் பரிசோதனை.* விலங்கை மல்லாத்திக் கிடத்தி வயிற்றைத் திறப்பார்கள். ஈரல், பித்தப்பை, நுரையீரல், வயிற்றுச் சவ்வு, இதயம். இதயம் இந்தப் பட்டியலில் பிற்பாடு சேர்ந்தது. ரோமோடு போரிட்ட கிரேக்க மன்னர் பைரஸ் இத்தாலியைவிட்டுப் போன காலத்துக்குப் பிறகு என்கிறார் பிளினி. எல்லாம் முழுமையாக, இயல்பாக இருந்தால் தெய்வம் ஏற்றுக்கொண்டது. ரோமானியப் பலியில் கேட்பது 'ஆம், இல்லை' என்ற ஒரே விடைதான்.

ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எட்ருஸ்கர் என்ற மக்களின் வழிவந்த ஈரல்வல்லுநர்களோ அதே ஈரலில் வானத்தையே படித்தார்கள். 1877இல் பியாச்சென்ஸா அருகே ஓர் உழவர் நிலத்தில் கிடைத்த வெண்கல ஈரல் மாதிரி 12.6 செ.மீ. நீளம்தான். ஓரம் முழுவதும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு தெய்வத்தின் பெயர் எட்ருஸ்க எழுத்தில். ஆட்டு ஈரலின் பித்தப்பையும் மேலே துருத்தும் மடலும் அப்படியே வார்க்கப்பட்டிருக்கின்றன. அந்தத் துருத்தலுக்கு 'ஈரலின் தலை' என்று பெயர். அது இல்லாத ஈரல் என்ன கலக்கம் உண்டாக்கியது என்பதைக் கீழே பார்ப்போம்.

*7. சமையலும் படையலும்.* உள்ளுறுப்புகளைப் பானையில் வேகவைத்து, நறுக்கி, மாவுப்பும் மதுவும் தெளித்து, பீடத்து நெருப்பில் இடுவார்கள். நீர்த் தெய்வம் என்றால் நீரில், கீழுலகம் என்றால் குழியில். கிரேக்கர்கள் வறுத்த உள்ளுறுப்புகளைத் தாங்களும் சுவைத்தார்கள். ரோமானியர் அவை முழுவதையும் தெய்வத்துக்கே விட்டார்கள். உயிர் இருக்கும் இடம் அது, அதில் மனிதர் பங்கு கேட்கக் கூடாது.

வேகவைக்க நேரம் பிடிக்கும். இந்த இடைவெளியை நாட்காட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டது. சில நாட்களில் காலையும் மாலையும் நீதிமன்ற வேலைகளுக்கு ஆகாது; வெட்டியதற்கும் படைத்ததற்கும் நடுவே உள்ள நேரம் மட்டும் ஆகும்.

*8. பந்தி.* மீதி இறைச்சியைப் பலி கொடுத்தவர் கையால் தொட்டு, மனிதர் உபயோகத்துக்கு விடுவிப்பார். அதன் பிறகு விருந்து. யார் யாருக்கு எந்தப் பங்கு என்பது பதவிப்படி. சில இடங்களில் மிஞ்சியது கடைக்கும் போகும். கொரிந்துவில் இருந்த தொடக்கக்காலக் கிறிஸ்தவர்களுக்குக் கடையில் வாங்கும் இறைச்சி பெரிய கேள்வியாகி, பவுல் கடிதத்தில் பதில் எழுதவேண்டி வந்தது இதனால்தான்.

தவறு நேர்ந்தால்

கி.மு. 176இல் என்ன நடந்தது என்று லிவி எழுதியதைப் பார்த்தால், மேலே சொன்ன ஒவ்வொரு படியும் எப்படிச் சறுக்கும் என்பது புரியும். பதவியேற்ற அன்று இரு கான்சல்களும் வழக்கப்படி ஜூபிடருக்கு ஆளுக்கொரு மாடு பலியிட்டார்கள். பெட்டிலியுஸ் வெட்டிய மாட்டின் ஈரலில் 'தலை' இல்லை. ஏற்கும்வரை மறுபடி செய்யும்படி செனட் சொன்னது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மற்றொரு கான்சல் கொர்னேலியுஸை உதவியாளர் வெளியே அழைத்தார். திரும்பி வந்தவர் முகம் வெளிறியிருந்தது. தாம் வெட்டிய மாட்டின் ஈரல் பானையிலேயே கரைந்துபோனதாம். உதவியாளர் சொன்னதை நம்பாமல் பானையின் நீரைக் கொட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார்: மற்ற உறுப்புகள் முழுசாக இருந்தன, ஈரல் மட்டும் இல்லை. பெட்டிலியுஸும் எழுந்து, மூன்று மாடு வெட்டியும் 'தலை' கிடைக்கவில்லை என்றார். பெரிய விலங்குகளை வெட்டிக்கொண்டே இருக்கச் செனட் ஆணையிட்டது. மற்றத் தெய்வங்கள் ஏற்றன. நலத்தின் தெய்வமான சாலுஸ் மட்டும் பெட்டிலியுஸிடம் ஏற்கவில்லை.

அதே ஆண்டு அல்பான் மலையில், இலத்தீன் ஊர்கள் ரோமோடு சேர்ந்து கொண்டாடும் இலத்தீன் திருவிழா. ஒரு பலியில் லானுவியம் என்ற ஊரின் அதிகாரி, 'ரோமானிய மக்களுக்கு' என்ற சொற்களை வேண்டுதலில் விட்டுவிட்டார். விவகாரம் செனட்டுக்கும் அங்கிருந்து போன்டிஃப்களுக்கும் போனது. தீர்ப்பு: முழுத் திருவிழாவையும் மறுபடி நடத்தவேண்டும், அதற்கான விலங்குகளை லானுவியம் ஊரே தரவேண்டும். மலையிலிருந்து திரும்பும் வழியில் கொர்னேலியுஸ் கீழே விழுந்து, கைகால் ஒரு பகுதி செயலிழந்து, கூமை என்ற ஊரில் இறந்தார். பெட்டிலியுஸ் வடமேற்கு இத்தாலியின் லிகூரியரோடு நடந்த போரில் மாண்டார்.

ஆனால் இந்த முறையின் சிறப்பு, திருத்தும் வழியும் அதற்குள்ளேயே இருப்பது. வழிகள் மூன்று.

முதலாவது, ஏற்கும்வரை அடுத்த விலங்கு. கேட்டோ நிலச் சுத்திகரிப்புக்குச் சொல்வது இதுவே. பன்றிக்குட்டி, ஆட்டுக்குட்டி, கன்று மூன்றையும் வயலைச் சுற்றி ஓட்டி, மார்ஸிடம் 'தெரிந்த நோயும் தெரியாத நோயும் விலகட்டும். பயிரும் கொடியும் விளையட்டும். மேய்ப்பரும் மந்தையும் நலமாக இருக்கட்டும்' என்று வேண்டிப் பலியிடவேண்டும். மூன்றுமே ஏற்கப்படாவிட்டால், 'அந்த மூன்றில் உனக்கு நிறைவு இல்லையென்றால் இந்த மூன்றைப் பரிகாரமாக ஏற்றுக்கொள்' என்று மறுபடி. ஒன்றோ இரண்டோ சந்தேகம் என்றால், 'அந்தப் பன்றியில் உனக்கு நிறைவில்லையாதலால் இந்தப் பன்றி' என்று ஒரு பன்றி போதும். தோல்விக்கான மந்திரமும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது.

இரண்டாவது, சடங்கு முழுவதையும் திரும்பச் செய்தல். திருவிழாவில் குழலூதுபவர் திடீரென்று நிறுத்தினாலோ, ஆடுபவர் நின்றுவிட்டாலோ, தெய்வ ரதத்தின் கயிற்றைச் சிறுவன் நழுவவிட்டாலோ போதும். பிற்காலத்தில் ஒரே பலி முப்பது முறை செய்யப்பட்டதாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்.

மூன்றாவது, தெரிந்தே நடக்கும் மீறலுக்கு முன்கூட்டிய பரிகாரம். ஆர்வால் சகோதரர்களின் தோப்புக்குள் இரும்பு நுழையக் கூடாது. ஆனால் கல்வெட்டுக்கு உளி வேண்டுமே. உளி உள்ளே வரும்போது ஒரு பரிகாரப் பலி, வெளியே போகும்போது இன்னொன்று. 183ஆம் ஆண்டு கோயில் கூரையில் அத்திமரம் முளைத்துவிட்டது. அதைப் பிடுங்குமுன் பல தெய்வங்களுக்குப் பலியிட்டார்கள். அவற்றில் மூவர் பெயர்கள் அடோலெண்டா, கொம்மோலெண்டா, டெஃபெருண்டா. எரிப்பவள், நொறுக்குபவள், கீழே இறக்குபவள். மரத்துக்குச் செய்யப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தெய்வம். வேலையின் ஒவ்வொரு அங்கத்தையும் இத்தனை கவனமாகப் பார்த்த மக்களை உள்ளமில்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

விலங்கை வெட்டாத பலி

எல்லோருக்கும் மாடு கட்டுப்படியாகாது. கேட்டோவே தரும் ஒரு நேர்த்திக்கடன், மாடுகளின் நலத்துக்காக மார்ஸ் சில்வானுஸுக்குக் காட்டில் பகலில் செய்வது: மாடு ஒன்றுக்கு எம்மர் மாவு 3 ராத்தல், பன்றிக்கொழுப்பு 4½ ராத்தல், சதை 4½ ராத்தல், மது 3 செக்ஸ்டாரியுஸ். மாவும் இறைச்சியும் ஒரே பாத்திரத்தில், மது தனிப் பாத்திரத்தில். அடிமையும் செய்யலாம், சுதந்திரமானவரும் செய்யலாம். பெண்கள் பார்க்கக் கூடாது. முடிந்ததும் அங்கேயே சாப்பிட்டுத் தீர்த்துவிடவேண்டும்.

இதைவிடச் சிறியது குந்திரிக்கமும் மதுவும் மட்டும். எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய பலி அது. சேர நாட்டு முசிறியின் பக்கத்தில் 'அகஸ்துஸ் கோயில்' ஒன்றை, ரோமானியச் சாலைகளைக் காட்டும் பியூட்டிங்கர் நிலப்படம் குறித்திருக்கிறது. அங்கே ரோமானிய வணிகர் வழிபட்டிருந்தால், அவர்கள் கையிலும் இந்த இரண்டுமே இருந்திருக்கும். 112 வாக்கில் ஆளுநராக இருந்த இளைய பிளினி, கிறிஸ்தவர் என்று குற்றம்சாட்டப்பட்டவர்களைச் சோதித்ததும் இதை வைத்துத்தான்: பேரரசர் உருவத்தின் முன் தூபமும் மதுவும். 250இல், எல்லோரும் பலியிடவேண்டும் என்று பேரரசர் டெசியுஸ் ஆணையிட்ட காலத்து எகிப்தியப் பாப்பிரஸ் சான்றிதழ்களில் மூன்று வினைகள் வரும்: மது ஊற்றினேன், பலியிட்டேன், படையலைச் சுவைத்தேன்.

392 நவம்பர் 8ஆம் நாள் கிறிஸ்தவப் பேரரசர் தியோடோசியுஸ் பிறப்பித்த சட்டம் மாட்டுப் பலியோடு நிற்கவில்லை. லாருக்கு நெருப்பு, கெனியுஸுக்கு மது, வீட்டுக் களஞ்சியத்தின் தெய்வங்களான பெனாத்தேஸுக்கு நறுமணம், விளக்கு ஏற்றுவது, குந்திரிக்கம் இடுவது, மாலை தொங்கவிடுவது என்று வீட்டு வழிபாட்டை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடை செய்தது. கண்காணிப்பாளரின் துணைவி அடுப்பின்மேல் சாத்திய மாலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.